கலகலப்புக் குறைவு

நிறுவனத்தின் அனுமதி பெறாமல் ஊழியர்கள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்ற தகவல் ஒரு திங்கட்கிழமை காலையில் இயக்குநரின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அவர் முதலில் நம்பவில்லை. நகரம் முழுவதற்கும் குழாய்த் தண்ணீர் வழங்கும் அந்த நிறுவனத்தில் பயிற்சிக்கென்றே ஒரு தனிப் பிரிவு இருந்தது. குளிரூட்டிய அரங்கம், மேடை, ஒலிபெருக்கி, சான்றிதழ் அச்சிட ஓர் இயந்திரம் என்று எதற்கும் குறைவில்லை. ஆனாலும், “உங்கள் வேலையை எங்கே கற்றுக்கொண்டீர்கள்?” என்று எடுத்த கருத்துக்கணிப்பில் ஏறக்குறைய எல்லோரும் “காபி மிஷின் பக்கத்தில்” என்று பதில் எழுதியிருந்தார்கள். பயிற்சி அரங்கில் கற்றதாகச் சொன்னவர் ஒரே ஒருவர். விசாரித்ததில், அந்த அரங்கைத் தினமும் திறந்து பூட்டுபவர் அவர்தான் என்று தெரிந்தது.

இயக்குநர் சோர்ந்து போகிறவர் இல்லை. காபி மிஷின் பக்கத்தில் நடப்பதைத் தடுக்க முடியாவிட்டால் முறைப்படுத்திவிடலாம் என்றார். அந்த மாத முடிவுக்குள் ‘முறைசாராக் கற்றல் பிரிவு’ பிறந்தது. அதற்கு ஒரு தலைவியும் வந்தார். தலைவி வந்த கையோடு ஓர் இணையதளத்தை வடிவமைத்தார். ஊழியர்கள் கைபேசியிலோ கணினியிலோ அதற்குள் நுழைந்து, ஒருவரோடு ஒருவர் அரட்டை அடித்தபடியே தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். நாம் வீட்டாருக்கும் சிநேகிதர்களுக்கும் செய்தி அனுப்பும் செயலியைப் போலவே அது இருக்க வேண்டும், அதே நிறம், அதே மணியோசை. அப்போதுதான் ஊழியர் தாம் கற்கிறோம் என்பதையே மறந்து கற்பார் என்பது அவருடைய கொள்கை. தளத்துக்குக் ‘கலகல’ என்று பெயர் வைத்தார்கள். தலைவிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் ‘கலகல மேடம்’தான்.

புகார்ப் பிரிவில் இதைக் கேட்டு முதலில் கவலைப்பட்டவள் ‘புதுசு’.

அவள் வேலையில் சேர்ந்து ஒன்றரை ஆண்டாகிவிட்டது. அவளுக்குப் பிறகு யாரையும் எடுக்காததால் அந்தப் பெயர் அப்படியே நின்றுவிட்டது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆகிவிட்டால் ஊழியர் குடியிருப்பில் ஒரு வீடு கேட்கலாம். பெரிய வீடெல்லாம் இல்லை. ஓர் அறை, கொஞ்சம் ஹால், நின்றபடி சமைக்க ஓர் இடம். ஆனால் அறைக்கு ஒரு கதவு உண்டு; கதவுக்கு உட்புறம் தாழ்ப்பாள் உண்டு. அதை அவள் ஒருமுறை போய்ப் பார்த்தே வந்துவிட்டாள். போட்டுப் பார்த்தாள்; எடுத்துப் பார்த்தாள். மறுபடி போட்டுக்கொண்டு சற்று நேரம் உள்ளேயே நின்றாள். குடியிருப்பின் காவலாளி வெளியிலிருந்து, “என்னம்மா, மாட்டிக்கிட்டீங்களா?” என்று தட்டிய பிறகுதான் வெளியே வந்தாள்.

அதுவரை அவள் இருப்பு அக்கா வீட்டு ஹாலில். டிவிக்கு நேர் எதிரே உள்ள சோபாதான் படுக்கை. அத்தான் செய்தி சேனலைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் தூங்குபவர். அணைத்தால் விழித்துக்கொள்வார்.

வேலையை அவள் பக்கத்து இருக்கையில் கற்றாள். அங்கே இருந்தவளை எல்லோரும் ‘வால்வக்கா’ என்பார்கள், தண்ணீர் வரவில்லை என்று யார் அழைத்தாலும் “வால்வு தெறந்திருக்கா பாத்தீங்களா?” என்றுதான் அவள் ஆரம்பிப்பாள். அழைப்புகளுக்கு நடுவில் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து பேசுவாள்.

“கத்துறவங்கள பாத்து பயப்படாதடி. கத்துறவங்க வீட்ல கொஞ்சமாச்சும் தண்ணி வருதுன்னு அர்த்தம். சுத்தமா வராதவங்க மெதுவாதான் பேசுவாங்க. அவங்களுக்கு மொதல்ல ஆள அனுப்பு.”

“இதெல்லாம் டிரெயினிங்ல சொல்லவே இல்லியேக்கா.”

“டிரெயினிங்ல பைப்பு எந்த வருஷம் போட்டாங்கன்னு சொல்லுவாங்க. அதத் தெரிஞ்சிக்கிட்டு பைப்புக்கு பொறந்தநாள் கொண்டாடவா?”

கலகல தொடக்க விழாவை அந்தப் பயிற்சி அரங்கிலேயே வைத்தார்கள். வருகை கட்டாயம். இயக்குநர் மேடையேறி, ஒலிபெருக்கியை இரண்டு முறை தட்டிவிட்டுச் சொன்னார்:

“நண்பர்களே! கலகலவுக்குள்ள யாரும் யாருக்கும் மேலதிகாரி கிடையாது. இது என் உத்தரவு. உள்ளே எல்லோரும் ஒருத்தரை ஒருத்தர் ‘மச்சி’ன்னுதான் கூப்பிடணும். என்னையும் சேர்த்து. மீறுகிறவர்கள் மேல ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.”

கைதட்டல் எழுந்தது. அடுத்து கலகல மேடம் பேசினார்.

“இயல்பா பேசறதுன்னா நெறைய பேருக்குப் பயம். பயப்படவே வேண்டாம். எப்படி இயல்பா இருக்கணும்னு கையேடு குடுத்திருக்கோம். மொதல் பக்கத்துலேர்ந்து வரிசையா ஃபாலோ பண்ணினா இயல்பு தானா வந்துடும். பேசத் தெரியாதவங்களுக்கு ‘அப்புறம்’, ‘வேற என்ன’, ‘அட போப்பா’ மூணையும் பட்டனாவே வெச்சிருக்கோம்.”

மறுநாள் எல்லாப் பிரிவுக்கும் சுற்றறிக்கை வந்தது. ‘மச்சி’ என்னும் சொல் பால், பதவி, ஊதிய விகிதம் ஆகியவற்றைப் பாராதது என்று அதில் தெளிவுபடுத்தியிருந்தார்கள். அனுப்புநர் இடத்தில் நிர்வாகப் பிரிவின் முத்திரை இருந்தது. பெறுநர் இடத்தில், “உயர்திரு இயக்குநர் மச்சி அவர்கள் பார்வைக்கு” என்று இருந்தது.

அடுத்த நாள் காபி மிஷினைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அது தளத்துக்குப் போட்டியாக இருக்கிறதாம். அதற்கும் அடுத்த நாள் இருக்கைகளுக்கு நடுவில் இருந்த பலகைத் தடுப்புகளை ஆள் உயரத்துக்கு ஏற்றினார்கள். வால்வக்காவின் நாற்காலிச் சக்கரங்களைக் கழற்றினார்கள். இனி நேரில் பேசிக் கற்பது ‘பதிவு செய்யப்படாத கற்றல்’. அது கணக்கில் வராது, கையும் களவுமாகப் பிடிபட்டால் கணக்கில் கழியும். மேற்பார்வையாளர் தடுப்புகளுக்கு இடையே ஓசையில்லாமல் நடந்துகொண்டே இருந்தார். யாராவது குசுகுசுவென்று பேசினால் அவர் தலை மேலே எழும்பும்.

“என்ன அங்க? கத்துக்கிறீங்களா?”

“இல்ல சார்!”

“கத்துக்கிற மாதிரி சத்தம் கேட்டுச்சே.”

கலகல ஒவ்வொரு செய்தியையும் எடைபோட்டு மதிப்பெண் தந்தது. செய்தி எழுத்துத் தமிழில் இருந்தால் மதிப்பெண் குறையும். பேச்சுத் தமிழில் வழிந்தால் ஏறும். சராசரி எண்பதைத் தொடாதவர்களை நிரந்தரமாக்க முடியாது என்று நிர்வாகம் முடிவெடுத்தது. புதுசுவுக்கு இதில் ஒரு தொல்லை இருந்தது. வாயால் பேசும்போது எல்லோரையும் போலப் பேசுவாள். விசைப்பலகையில் விரலை வைத்தாலோ பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் எழுதியவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

முதல் வாரத்திலேயே ஓர் அழைப்பு வந்தது. ஒரு பெரியவர். சமையலறைச் சுவருக்குள்ளிருந்து தண்ணீர் வருகிறது என்றார். சுவருக்குள்ளிருந்து வரும் தண்ணீர் புதுசுவுக்குப் புதிது. முன்பானால் இடது பக்கம் திரும்பிக் கேட்டிருப்பாள். இப்போது கலகலவில் தட்டினாள்.

“சுவரின் உட்புறத்திலிருந்து நீர் கசிவதாகப் புகார் வந்துள்ளது. என்ன செய்ய வேண்டும்?”

சிவப்பு எழுத்தில் பதில் மின்னியது. “கலகலப்பு: 4. ரொம்ப விறைப்பா இருக்கு மச்சி. லூசா வுடு. மறுபடி எழுது.”

“சுவத்துக்குள்ளேர்ந்து தண்ணி வருது. என்ன பண்றது?”

“கலகலப்பு: 31. உணர்ச்சி போதவில்லை.”

காதில் பெரியவர் கேட்டார். “அம்மா, லைன்ல இருக்கீங்களா? தண்ணி கொஞ்சம் வேகமா வருது.”

“இருக்கேங்க ஐயா. ஒரே நிமிஷம். உணர்ச்சி சேத்துக்கிட்டிருக்கேன்.”

“என்ன சேக்கறீங்க?”

“ஐயோ மச்சி, சுவத்துக்குள்ளேர்ந்து தண்ணி பீச்சி அடிக்குதுடி!” என்று அடித்தாள். அறுபத்தேழு. ‘மச்சி’யும் ‘டி’யும் ஒரே வாக்கியத்தில் வரலாமா என்பது ஆய்வில் இருக்கிறது என்றது தளம், ஆனாலும் செய்தியை வெளியிட்டது. முதல் பதில் இயக்குநரிடமிருந்து வந்தது. உயர்த்திய கட்டைவிரல். அடுத்தது கணக்குப் பிரிவிலிருந்து: “சூப்பர் மச்சி.” கையெட்டும் தூரத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த வால்வக்கா, “மீட்டர் பக்கத்துல வால்வு இருக்கும், அத மூடச் சொல்லு” என்று அனுப்பிய பதிலைத் தளம் நிறுத்திவைத்தது. அவள் செய்திகளில் ‘வால்வு’ என்ற சொல் அடிக்கடி வருவதால் அது விளம்பரமாக இருக்கலாம் என்று தளத்துக்குச் சந்தேகம்.

“அம்மா, கணுக்கால் வரைக்கும் வந்துடுச்சும்மா,” என்றார் பெரியவர்.

அப்போது தடுப்புக்கு மேலே ஒரு கை எழுந்தது. வால்வக்காவின் கை. ஐந்து விரலையும் குவித்து, எதையோ பிடித்து வலப்பக்கமாகத் திருகிக் காட்டியது. புதுசு புரிந்துகொண்டாள். பெரியவரின் சமையலறை தப்பியது. மேற்பார்வையாளர் வால்வக்காவிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்தார். குற்றம்: சைகை வழிக் கற்பித்தல்.

அந்த வாரம் முடிந்தபோது புதுசுவின் சராசரி முப்பத்தெட்டு. நிரந்தரம் செய்வோர் பற்றி முடிவெடுக்கும் கூட்டம் மாதக் கடைசியில். அவள் அக்கா வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு கையேட்டை மனப்பாடம் செய்தாள். டிவியில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவதாக அத்தானின் குறட்டை.

மறுநாள் காலை பஸ்ஸில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஊரிலிருக்கும் அம்மாவுக்கு எழுதினாள். தூக்கமில்லாத கண்ணும் ஆட்டம் போடும் பஸ்ஸும் சேர்ந்துகொண்டதால், எந்தச் செயலியின் சதுரத்தைத் தொட்டோம் என்று அவள் பார்க்கவில்லை. இரண்டும்தான் ஒரே நிறமாயிற்றே.

“அம்மா உன் பெரிய மாப்பிள்ள தொல்ல தாங்கல. ரிமோட்ட தொடைக்கு அடில வெச்சிக்கிட்டு தூங்குறாரு. சவுண்ட கொறைக்கலாம்னு மெதுவா உருவினா கண்ணத் தொறக்காமலே ‘பாத்துக்கிட்டிருக்கேன்’ங்குறாரு. குறட்ட விட்டுக்கிட்டே எப்படிமா பாப்பாரு? ஃபேன் போட்டா அவருக்கு தலவலி, போடலன்னா எனக்கு வேர்வ. உன் பொண்ணு வாயே தொறக்க மாட்டேங்குறா. ஹால்ல படுத்திருக்கேனா பஸ் ஸ்டாண்டுல படுத்திருக்கேனான்னே தெரியல. அந்த குவார்ட்டர்ஸ் மட்டும் கெடைக்கட்டும், கதவ சாத்திக்கிட்டு செத்தவ மாதிரி தூங்கப்போறேன் பாரு.”

அம்மா எப்போதும் “சாப்ட்டியா” என்றுதான் பதில் போடுவாள். அன்று வந்த பதில் வேறு.

“கலகலப்பு: 100. கலக்கிட்ட மச்சி!”

புதுசுவின் கை கம்பியிலிருந்து நழுவி, முன்னால் நின்றவர் தோளில் விழுந்தது. செய்தியை அழிக்கப் பார்த்தாள். தளம் அமைதியாகச் சொன்னது: “காபி மிஷின் பக்கத்தில் பேசியதைத் திரும்பப் பெற முடியுமா? முடியாதல்லவா? அதே இயல்பான அனுபவத்தை இங்கும் தருகிறோம். இப்படிக்கு, வடிவமைப்புக் குழு.”

இருக்கைக்குப் போவதற்குள் இயக்குநர் அறைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வேலை போயிற்று என்றுதான் அவள் போனாள். உள்ளே அவள் செய்தியைச் சுவர் அளவுக்குத் திரையில் போட்டிருந்தார்கள். கலகல மேடம் எழுந்து வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இயக்குநர் முகத்தில் மட்டும் ஒரு சிறு வருத்தம்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் மச்சி. கோவிச்சுக்க மாட்டேன். அந்த ரிமோட்டை அடியில வெச்சிக்கிட்டுத் தூங்கறது… நான்தானே?”

“ஐயோ இல்ல சார். மச்சி. சார். அது எங்க அத்தான்.”

“பாத்தீங்களா சார்!” என்றார் மேடம். “நிர்வாகத்தை அத்தான்னு உருவகம் பண்றாங்க. அதிகாரத்தை விடவும் மாட்டாரு, பயன்படுத்தவும் மாட்டாரு. பொறுத்துப்போற இடைநிலை அலுவலர்கள்தான் அந்த அக்கா. வாயே தொறக்க மாட்டாங்க. ஃபேன்ங்கிறது கருத்துச் சுழற்சி. எவ்வளவு ஆழம் பாருங்க!”

“அது வெறும் ஃபேன்தான் மேடம். சீலிங் ஃபேன்.”

“எழுதினவங்களுக்குத் தான் எழுதினது தெரியாது. அதான் முறைசாராக் கற்றல்,” என்றார் மேடம், கனிவோடு.

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். ஊழியர்கள் மத்தியில் இயல்புத் தன்மைக்கு ஒரு முன்மாதிரி தேவைப்பட்டது. அது கிடைத்துவிட்டது என்றார். மாதக் கடைசி வரை இதே தரத்தில் எழுதிவந்தால் சராசரி தானாக ஏறும் என்றும், நிரந்தர ஆணைக்குத் தானே பரிந்துரைப்பதாகவும் சொன்னார்.

“சார், இது எங்க வீட்டு விஷயம் சார். எப்படி…”

“அதான் வேணும்,” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

புதுசு அன்று மாலை குடியிருப்பு வழியாக நடந்து போனாள். அந்த வீட்டு ஜன்னல் இன்னும் சாத்தியே இருந்தது. யாருக்கும் கொடுக்கவில்லை. மறுநாள் அத்தான் பல் தேய்க்கும் ஓசையைப் பற்றி எழுதினாள். நூறு. அதற்கடுத்து, அவர் செருப்பை வீட்டுக்குள் தொலைத்துவிட்டு மூன்று பேரைச் சந்தேகப்பட்ட கதை. நூறு. எழுதும்போது அடிக்கடி அத்தானைத் திரும்பிப் பார்த்துக்கொள்வாள். அனுப்பிய பிறகு இன்னும் அதிகமாக. பம்ப் நிலையத்திலிருந்தும் கிடங்கிலிருந்தும், அவள் முகமே தெரியாதவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள்: “அத்தான் இன்னைக்கு என்ன பண்ணாரு மச்சி?” வால்வக்கா மட்டும் தடுப்பு ஓரமாக, உதடு அசையாமல் கேட்டாள்:

“ஏன்டி, உங்கத்தானுக்குத் தெரியுமா இது?”

“அவருக்கு எப்படிக்கா தெரியும்? உள்ள ஸ்டாஃப் மட்டும்தானே.”

கூட்டம் கூடி, புதுசுவை நிரந்தரம் செய்து ஆணை வெளியிட்டது. அவள் அன்றே வீட்டுக்கு விண்ணப்பம் கொடுத்தாள். அதே வாரம், அக்கா வீட்டில் தண்ணீர் நின்றுபோனது.

அத்தான் புகார் எண்ணுக்கு அழைத்தார். வழக்கமான இசை வரவில்லை. “உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. காத்திருக்கும் நேரத்தில் எங்கள் ஊழியர்களின் முறைசாராக் கற்றலைக் கேட்டு மகிழுங்கள்” என்றது ஒரு பெண் குரல். பிறகு அதே குரல், செய்தி வாசிக்கும் தெளிவோடு, நிறுத்தி நிதானமாக வாசித்தது: “அம்மா. உன் பெரிய மாப்பிள்ள தொல்ல தாங்கல. ரிமோட்ட. தொடைக்கு அடில. வெச்சிக்கிட்டு. தூங்குறாரு.”

அத்தான் முழுவதும் கேட்டார். வரிசையில் ஆள் அதிகம் இருந்ததால் இரண்டாம் முறையும் கேட்டார். கடைசியில் வால்வக்கா எடுத்து, “வால்வு தெறந்திருக்கா பாத்தீங்களா?” என்றாள்.

“வால்வு கெடக்கட்டும். ரிமோட்டு விஷயம் உங்களுக்கு யாரு சொன்னது?”

வால்வக்கா தடுப்பின் மேல் ஒரு முறை தட்டிப் புதுசுவைக் கூப்பிட்டாள்.

புதுசு வீட்டுக்குப் போனபோது சண்டைக்குத் தயாராகத்தான் போனாள். சண்டை இல்லை. டிவி அணைந்திருந்தது. ரிமோட் மேசையின் நட்டநடுவில், யாருக்கும் சொந்தமில்லாததுபோல் கிடந்தது. அத்தான் சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“வணக்கம். அலுவலகத்திலிருந்து நலமாகத் திரும்பினீர்களா?”

“அத்தான்?”

“மின்விசிறியின் வேகம் தங்களுக்குப் போதுமானதாக உள்ளதா?”

அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். “என்னடி இப்படி…” என்று தொடங்கியதும் அத்தான் விரலை உயர்த்தினார். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். “தங்கையே, உணவு தயாராக உள்ளது.”

அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் பேச்சுத் தமிழில் வாய் திறக்கவில்லை. பேசினால் ஊரெல்லாம் போன் வழியாகக் கேட்கும் என்று அத்தான் தடை போட்டிருந்தார். குறட்டையைக்கூட அவர் அடக்கிக்கொண்டதுபோல் இருந்தது. அந்த அமைதியில் புதுசுவுக்கு முன்பு வந்த தூக்கம்கூட வரவில்லை. எழுதவும் எதுவும் இல்லை. ஆனால் நிரந்தரம்தான் ஆகிவிட்டதே, வீடு வந்தால் போதும் என்று நாள்களைக் கடத்தினாள்.

வீட்டு விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. நிராகரிப்பு.

“விண்ணப்பதாரரின் முறைசாரா வெளிப்பாட்டுக்கு அவர் தற்போது வசிக்கும் சூழலே ஊற்றுக்கண் என்பது நிறுவனத்தின் ஆய்வில் தெளிவாகிறது. தனி வீடு வழங்கினால் அவருக்குச் சண்டையிட ஆள் இல்லாமல் போய்க் கலகலப்பு குன்றும் அபாயம் உள்ளது. நிறுவனத்தின் நலன் கருதி, அவர் அக்கா வீட்டு ஹாலிலேயே தொடர்ந்து வசிக்க அறிவுறுத்தப்படுகிறார்.”

அவள் அதை வீட்டில் படித்துக் காட்டினாள். அத்தான் போட்ட தடையை அத்தானே முதலில் மீறினார்.

“என்னது? என் வீடு என்ன அவங்களுக்கு லேபா? ஆயுசுக்கும் நீ இங்கயே இருக்கணுமா?”

“எனக்கு மட்டும் ஆசையா அத்தான்?”

“சரி, அழாத. நாமளே நேர்ல போவோம். எங்க வீட்ல சண்டையே கெடையாது, எல்லாரும் சுத்தமா எழுத்துத் தமிழ்தான் பேசுவோம்னு நிரூபிச்சிடுவோம். ஊத்து வத்திப்போச்சுன்னு தெரிஞ்சா குடுத்துடுவாங்கல்ல வீட்ட?”

புதுசு முதல்முறையாக அத்தானை நன்றியோடு பார்த்தாள். இருவருக்கும் ஒரே ஆசை இருந்தது இத்தனை நாள் தெரியாமல் போயிற்று. மூவரும் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்கள். அக்காவுக்கு ‘ஆகவே’ வாயில் நுழையவில்லை. மற்றதெல்லாம் நன்றாக வந்தது.

மறுபரிசீலனைக் கூட்டம் இயக்குநர் அறையில் நடந்தது. கலகல மேடம் மேசை மேல் ஒரு கருவியை வைத்தார். அறையில் பேசுவதைக் கேட்டு மதிப்பெண்ணைச் சுவரில் காட்டும் கருவி. சுவரில் பூஜ்யம்.

“எங்கள் இல்லத்தில் கருத்து வேறுபாடுகள் எழுவதில்லை,” என்று தொடங்கினார் அத்தான். சுவரில் இரண்டு.

“இளையவள் எங்களோடு இணக்கமாக வாழ்ந்து வருகிறாள். ஆகவே…” என்றாள் அக்கா. ஒன்று.

புதுசு கைகளை மடியில் கட்டிக்கொண்டு சுவரையே பார்த்தாள். எண் அசையக்கூடாது. இயக்குநரின் முகம் வாடிக்கொண்டே போனது. கலகல மேடம் கடைசி முயற்சியாக அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

“மாலை நேரத்துல ரிமோட் யார்கிட்ட இருக்கும்?”

“தொலைக்காட்சி இயக்கி எங்கள் அனைவருக்கும் பொதுவானது.”

“தொலையியக்கி,” என்று திருத்தினார் அத்தான், மெல்லிய குரலில்.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். “என்ன?”

“தொலையியக்கி என்பதே சரியான சொல்.”

“இயக்கியோ, எழவோ! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் அத என் கையால தொட்டிருக்கேனா? தொடச்சு வெக்கத்தான் தொட்டிருக்கேன்!”

சுவரில் எழுபது.

“அக்கா, வேணாம்க்கா,” என்று புதுசு அவள் முந்தானையை இழுத்தாள்.

“நீ பேசாதடி! வாயே தொறக்க மாட்டேங்குறான்னு ஊருக்கெல்லாம் எழுதினல்ல? இப்ப தொறக்குறேன், கேட்டுக்கோ. இவரு தூங்குறாருன்னு நீ எழுதின, நியாயம். நீ சோபாவுல ஈரத் துண்ட போட்டுட்டுப் போறியே, அத யாருடி எழுதறது?”

“ஈரத் துண்டா? ஒரு கொடியாவது இருக்கா அந்த வீட்ல எனக்கு? கொடி பூரா அவரு பனியனு!”

“என் பனியன எதுக்கு இழுக்கறீங்க ரெண்டு பேரும்?” என்று அத்தான் எழுந்தார். “பனியன் காயறதுக்குக்கூட உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா நான்?”

சுவரில் நூறு நின்றது. அதற்கு மேல் போக அந்தக் கருவிக்கு எண் இல்லை. கலகல மேடம் எழுந்து நின்று கைதட்டினார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“மச்சிகளா,” என்றார். “இந்தச் சூழலைத்தான் நான் இவ்வளவு நாளா தேடிக்கிட்டிருந்தேன். இதைப் போய்ப் பிரிக்கலாமா?”

பிரிக்கவில்லை. நிறுவனம் மனிதாபிமானத்தோடு நடந்துகொண்டது. புதுசு கேட்ட அதே வீட்டை அவளுக்கே ஒதுக்கினார்கள். ‘முறைசாராச் சூழல் எவ்விதச் சேதாரமும் இன்றி, உள்ளபடியே இடமாற்றம் செய்யப்படும்’ என்பது நிபந்தனை. சூழல் என்றால் அக்கா, அத்தான், சோபா, டிவி. அத்தான் ஆணையை வாங்கி இரண்டு முறை படித்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

“பஸ் ஸ்டாப் பக்கத்துலயே இருக்குல்ல இது? நம்ம வீட்ட யாருக்காவது விட்டுடலாம்.”

குடிபோன நாளன்று சாமான்களோடு நிறுவனத்தின் தச்சரும் வந்திருந்தார். வீட்டுக்குள் இருக்கும் கதவுகள் உரையாடலுக்குத் தடையானவை. வாசல் கதவைத் தவிர மற்றதைக் கழற்றிவிடச் சொல்லி மேடத்திடமிருந்து உத்தரவு. ஹாலில் அத்தான், “சோபாவ இப்படிப் போட்டா வெளிச்சம் டிவில அடிக்குது, திருப்பு, திருப்பு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா, “நீங்க ஒரு கை புடிச்சா என்னவாம்?” என்றாள்.

தச்சர் அறைக் கதவின் கீழ்க் கீலைக் கழற்றிவிட்டு மேல் கீலுக்கு ஏறினார். அருகில் வேறு யாரும் இல்லாததால் புதுசுவைக் கூப்பிட்டார்.

“கொஞ்சம் கெட்டியா புடிச்சுக்கங்கம்மா. விட்டா மேல விழுந்துடும்.”

அவள் இரண்டு கைகளாலும் கதவைப் பிடித்துக்கொண்டாள். கன்னம் பலகையில் பட்டது. புதுப் பூச்சின் வாசனை அடித்தது. மேலே திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கதவின் பாரம் முழுவதும் அவள் கைக்கு வந்தது.

“அவ்ளோதான். இப்ப விடலாம்,” என்றார் தச்சர், ஏணியிலிருந்து இறங்கி வந்து.

அவள் விடவில்லை.

“நான் புடிச்சுக்கிட்டேம்மா. விடுங்க.”

ஹாலில் டிவியைப் போட்டுவிட்டார்கள். யாரோ நாலு பேர் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். தச்சர் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகக் கதவைப் பிடித்தபடி நின்றார்கள்.